விறாந்தையில் நின்ற கடல்

1926ஆம் ஆண்டு கார்த்திகைப் புயலில் மயிலிட்டி ஊருக்குள் ஏறிய கடல், மறுநாள் விடியத் திரும்பிப் போகும்போது, முத்துக்குமாருத் தண்டையல் வீட்டு விறாந்தையில் தன்னில் ஒரு துண்டை விட்டுவிட்டுப் போனது. ஆறு முழ நீளம், மூன்று முழ அகலம், ஆளின் நெஞ்சளவு உயரம். சுற்றிவரச் சுவரில்லை, கண்ணாடியில்லை, பலகையில்லை. தண்ணீர் தன்பாட்டில் நின்றது. கையை நீட்டினால் உள்ளே போகும், எடுத்தால் நனைந்து வரும், அவ்வளவுதான். உள்ளே பவளம் பூத்த இரண்டு முருகைக்கல்லும், ஒரு கடகப்பெட்டி மணலும், மஞ்சளும் நீலமுமாய்ப் பதினொரு மீன்களும் இருந்தன. ஊர் அதிகாரியான விதானையார் வந்து சுற்றிப் பார்த்து, விரலை விட்டு நக்கி, உப்புத்தான் என்று உறுதி செய்துகொண்டு, வீட்டில் உப்புக் காய்ச்சப்படவில்லையாதலால் சட்டப்படி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்தப் புயலில்தான் தண்டையலின் பாய்க்கப்பலும் துறையில் கட்டிக்கிடந்தபடியே உடைந்தது. இருபத்தைந்து வருடம் கடலில் கப்பல் விட்டவரைக் கடல் வீடு தேடி வந்ததில் அதிசயம் என்ன என்று ஊரில் கேட்டார்கள். கப்பலைப் பறிகொடுத்து நாடியில் கைவைத்துக் குந்தியிருந்த மனிதருக்கும், பார்த்துக்கொள்ள ஏதோ ஒன்று மிஞ்சியது பெரிய ஆறுதலாக இருந்தது. அவருடைய மனைவி சிவக்கொழுந்து மட்டும், இனி விறாந்தையில் பாய் விரிக்க இடமில்லை என்று மூன்று நாள் முணுமுணுத்தாள்.

கடலில் கப்பல் விடுவது வேறு, வீட்டில் கடல் வைத்திருப்பது வேறு என்று முத்துக்குமாரு மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டார். வெயிலில் தண்ணீர் குறையக் குறைய அவர் கடல் தண்ணீரை அள்ளி வந்து ஊற்றினார். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. தண்ணீர் போகிறது, உப்புப் போவதில்லை என்று அவருடைய மகள் பத்மாசினிதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது. அன்றிலிருந்து குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரைச் சிரட்டை சிரட்டையாக விட்டார்கள். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டு, கரையை அடுத்த முருகைக்கல்லுக்கு அப்பால் ஆழத்தில் அள்ளிய கடல் தண்ணீரை விட்டார்கள். வீட்டில் சண்டை நடந்தால் மீன்கள் வெளிறிக் கல்லிடுக்கில் போய் ஒளித்தன. விளக்கைத் திடீரென்று கொண்டுவந்தால் ஒன்றோடொன்று முட்டின. ஆகையால் அந்த வீட்டில் சத்தம் போட்டுக் கதைப்பது நின்றுபோனது. சிவக்கொழுந்துகூடத் திட்ட வேண்டுமானால் கிணற்றடிக்குப் போய் நின்று திட்டினாள். தண்டையல், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். கடலில் மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று அறிய அந்தக் கரையில் செய்கிற வழக்கம் அது. வீட்டில் கேட்டபோது, மீன்கள் நிம்மதியாக இருக்கின்றனவா இல்லையா என்பதும் அதில் தெரிந்தது.

1928இல் அவர் ஆசைப்பட்டு ஒரு புது மீனைப் பிடித்து வந்து நேரே உள்ளே விட்டார். நாலாம் நாள் மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கின. ஆறாம் நாள் எல்லாவற்றின் மேலும் அரிசி ரவையைத் தெளித்ததுபோல வெள்ளைப் பொட்டுகள். செவுள் அடித்துக்கொண்டது. ஊர்ச்சனம் அம்மாள் வருத்தம், அம்மை நோய், என்று சொல்லித் தண்ணீரைச் சுற்றி வேப்பிலை கட்டியது. ஐந்து மீன்கள் செத்தன. "இஞ்சாருங்கோ, குதிரை முகத்தோடை வந்த ராசகுமாரிக்கே முகம் மாறின தண்ணி கீரிமலையிலை கிடக்கு. உதுகளையும் ஒருக்கா அங்கை முழுக வார்த்துவிடுங்கோவன்" என்று சிவக்கொழுந்து எரிச்சலில் சொன்னாள். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஏழையும் குடங்களில் வைத்து வண்டிலில் கொண்டுபோனார். கடலோடு ஒட்டிக்கிடந்தும் உப்புக் கலக்காத கேணியின் நன்னீரைக் குடத்தில் அள்ளி, ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம் ஒவ்வொரு மீனையும் அதில் விட்டு எடுத்தார். வெள்ளைப் பொட்டுகள் உதிர்ந்து குடத்தடியில் கிடந்தன. வீட்டுக்கு வந்ததும் மீன்களைத் திரும்ப வீட்டுக்கடலில் விடப் போனவரைச் சிவக்கொழுந்து மறித்தாள்.

"அஞ்சு சீவன் போன இடம். முப்பத்தொண்டு கழியாமல் விடாதேங்கோ."

சாவு விழுந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அதுவரை அந்த வீட்டார் ஒருவரோடும் கலப்பதில்லை. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்து, செத்தவரை அனுப்பி வைத்த பிறகுதான் வழமைக்குத் திரும்புவார்கள். மீனுக்கும் அந்த மரியாதை இருக்கட்டும் என்று அவள் சொன்னது பாதி பகிடி, பாதி நம்பிக்கை. ஏழு மீன்களும் பின்விறாந்தையில் சீனச் சாடிகளில் இருந்தன. வீட்டுக்கடல் முப்பத்தொரு நாள் வெறுமையாக நின்றது. பிறகு விட்டபோது ஒரு மீனிலும் பொட்டு வரவில்லை. வருத்தம் பாதி மீனில் இருக்கிறது, பாதி தண்ணீரில் இருக்கிறது. மீனைக் கழுவினால் மட்டும் போதாது, தண்ணீரில் இருப்பதும் ஒட்டிக்கொள்ள உடம்பில்லாமல் பசித்துச் சாக வேண்டும் என்று தண்டையல் விளங்கிக்கொண்டார். அதோடு இன்னொன்றும் கண்டார். பயந்த மீனைத்தான் வருத்தம் பிடிக்கிறது. பயமில்லாத மீனில் பொட்டு வந்தாலும் தங்குவதில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். புது மீன் எதுவானாலும் முப்பத்தொரு நாள் துடக்குச் சாடியில் இருக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் சாடித் தண்ணீரில் ஒரு சிரட்டையை எடுத்துவிட்டு வீட்டுக்கடல் தண்ணீரில் ஒரு சிரட்டையைச் சாடியில் விடுவது, பொறுத்து இன்னொன்று, இப்படிக் காலையில் தொடங்கினால் மத்தியானம் வரை போகும். அந்த வேலை பத்மாசினியுடையது. அவளைப்போலப் பொறுமை தண்டையலுக்குக்கூட இல்லை. ஆறு வருடம் ஒரு மீன்கூட நோயில் சாகவில்லை. நீர்வேலியிலிருந்தும் சண்டிலிப்பாயிலிருந்தும் கீரிமலைக்கு வரும் சனம், திரும்பும்போது மயிலிட்டிப் பக்கம் வண்டிலைத் திருப்பி, வாழைக்குலையோ கத்தரிக்காயோ கொடுத்து, கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கை வைக்கக்கூடாது, கத்தக்கூடாது என்று வாசலிலேயே பத்மாசினி சொல்லிவிடுவாள். அவள் கீரிமலைக்கு அப்பால் ஒரு இடமும் போனதில்லை, போக விரும்பியதுமில்லை.

1934 ஆவணியில் பருத்தித்துறையிலிருந்து சம்பந்தம் வந்தது. கனகசபாபதி என்பவர் நல்ல குடும்பத்துக் கப்பல்காரர். அவருடைய மகன் தியாகலிங்கம் மலாயா றெயில்வேயில் கிளாக்கர், மூன்று மாத லீவில் வந்தவன். அதில் இரண்டரை மாதம் சாதகம் பார்ப்பதிலேயே போய்விட்டது. பத்மாசினியின் சாதகம் பொருந்தியபோது எல்லோருக்கும் அவசரம் பிடித்துக்கொண்டது. ஐயருக்கு அவசரம், தட்டாருக்கு அவசரம், பந்தற்காரனுக்கு அவசரம். கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள் கொழும்பில் கப்பல். மலாயா மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் ஒருவரும் நாளைத் தள்ளிப்போடச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த வீட்டுக்காரர் தங்கள் பெண்ணின் சாதகத்தோடு வந்து நிற்பார்கள். ஒரு மாதம் பொறுத்து அடுத்த கப்பலில் பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லலாமா என்று முத்துக்குமாரு இரண்டு முறை வாயெடுத்தார். இரண்டு முறையும் கனகசபாபதி வெற்றிலைத் தட்டத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

கலியாணத்துக்கு மறுநாள் கனகசபாபதி ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். கருநீலத்தில் மஞ்சள் வளையம் வளையமாய், ஒரு ராசாவைப்போல. தன் கையால் பருத்தித்துறைக் கல்லில் பிடித்ததென்றார். முத்துக்குமாரு பழக்கத்தில் துடக்குச் சாடிப் பக்கம் திரும்பினார். சம்பந்தியின் முகம் கறுத்தது.

"என்ன தண்டையலார், எங்கடை வீட்டு மீனையும் துடக்கிலை இருத்தப்போறியளோ? நேற்றுத்தானே சம்பந்தம் செய்தனாங்கள்."

"அப்பிடியில்லைச் சம்பந்தி, உது வழமை..."

"இனி உங்கடை துடக்கு எங்கடை துடக்கு. எங்களுக்குள்ளை என்ன வேற்றுமை?"

விறாந்தை நிறைய இரண்டு வீட்டுச் சனமும் இருந்தது. துடக்குப் பகிர்கிறவர்களுக்குள் துடக்குப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அது மனிதருக்கு உள்ள முறை என்பதை அந்த நேரத்தில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மகள் போய் வாழப்போகிற வீட்டாரை முதல் நாளே சபையில் குறைக்கலாமா? அவர் குடத்தைச் சரித்தார். பத்மாசினி சிரட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்; அதற்குள் மீன் உள்ளே போய்விட்டது. அவள் சிரட்டையைக் கீழே வைத்தாள்.

ஐந்தாம் நாள் மீன்கள் கல்லில் தேய்ந்தன. வீட்டில் பலகாரச் சட்டியும் விருந்தாளிகளும் றங்குப்பெட்டிகளும். கீரிமலைக்குக் குடம் கட்ட ஒருவருக்கும் நேரமில்லை. எட்டாம் நாள், பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்த பத்மாசினி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அப்பு, மீனுக்கு முப்பத்தொரு நாள். எனக்கு ஒன்பது நாள்தானோ?"

"அவருக்கு லீவு முடியுது பிள்ளை. கப்பல் காத்துக்கொண்டு நிக்காது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அவர் பிறகு பட்ட பாட்டை எழுதப் புறப்பட்டால் இந்தக் கதை முடியாது. அவள் சிரிக்கவில்லை, "ஓம்" என்று மட்டும் சொல்லிப் பெட்டியைப் பூட்டினாள்.

காங்கேசன்துறையில் ரயில் ஏறிக் கொழும்புவரை அவரும் போய், கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு திரும்பி வந்தார். வீட்டில் மீன்கள் எல்லாம் செத்துப்போயிருந்தன. கடைசியாகச் செத்தது சம்பந்தி கொண்டுவந்த மீன். சிவக்கொழுந்து அவற்றை அள்ளித் தென்னைக்கு அடியில் புதைத்திருந்தாள். அவர் வீட்டுக்கடலை முப்பத்தொரு நாள் வெறுமையாக விட்டார். அந்த முப்பத்தொரு நாள் முடிந்த பிறகும் ஒரு மீனையும் விடவில்லை. தண்ணீரை மட்டும் வழமைபோல மாற்றிக்கொண்டிருந்தார்.

பத்மாசினியின் கடிதம் மாதம் ஒன்று வந்தது. தியாகலிங்கம் நல்ல பிள்ளை, அடித்தவனுமில்லை, ஏசினவனுமில்லை. றெயில்வேக் கந்தோருக்கு விடியப் போனால் பொழுதுபட வருவான். மலாயாவில் அவர்கள் குடியிருந்த கிள்ளானில் தினமும் மழை என்று எழுதினாள். பக்கத்து வீட்டாரின் பாஷை விளங்கவில்லை என்று எழுதினாள். ரயில் போகும்போது வீடு அதிர்கிறது, அப்போது சுவரோடு சாய்ந்து நிற்கிறேன் என்று எழுதினாள். நாலாவது கடிதத்தில், சாப்பாடு இறங்குதில்லை, பயமாயிருக்கு அப்பு, என்று ஒரு வரி. முத்துக்குமாரு அந்த வரியைப் படித்துவிட்டு வெறும் தண்ணீருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பழகிவிடும் என்று பதில் எழுதினார். அடுத்த ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று தந்தி வந்தது. பிறகு வந்த கடிதத்தில், அங்கேயே எரித்து, மூன்றாம் நாள் சாம்பலைக் கடலில் கரைத்ததாகத் தியாகலிங்கம் அழுது எழுதியிருந்தான்.

அவள் செத்துப் பதினாலாம் நாள் காலை, தண்ணீர் மாற்றப் போன முத்துக்குமாரு வீட்டுக்கடலுக்குள் பத்மாசினி இருப்பதைக் கண்டார். முருகைக்கல்லில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலைமயிர் மேலே மிதக்க இருந்தாள். கிள்ளானிலிருந்து மயிலிட்டிக்கு நல்ல காற்றில் எட்டு நாள்; சோளகம் எதிர்த்தபடியால் சாம்பல் கரைத்த நாளிலிருந்து பதினொரு நாள் பிடித்திருக்கிறது என்று அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். அவள் நிறம் வெளிறியிருந்தது. தோளிலும் கழுத்திலும் அரிசி ரவைபோல வெள்ளைப் பொட்டுகள். சிவக்கொழுந்து குழறிக்கொண்டு ஓடி வந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு மகளை இழுக்கப் போனாள். மனைவியைத் தொட்டுப் பேசவே கூச்சப்படுகிற மனிதர், அன்று அவளை இடுப்பில் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"விடுங்கோ! என்ரை பிள்ளை!"

"எடுக்காதை. இந்த முறையாவது பொறு."

அவர் துடுப்பை எடுத்து ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையை மனைவியின் காதில் வைத்தார். அவள் கேட்டுவிட்டு அவரிடம் கொடுத்தாள். மகளின் குரல் தூரத்தில், ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அப்பு, இது எங்கடை தண்ணிதானே?"

"ஓம் பிள்ளை. எங்கடை தண்ணிதான்."

கீரிமலையிலிருந்து நன்னீர் கொண்டுவந்து, சிரட்டையை உள்ளே விட்டு அவள் தோளோடு சேர்த்துக் கவிழ்த்தார்கள். மூன்று தேவாரம் பாடி முடியப் பொட்டுகள் உதிர்ந்தன. அரிந்த பழமும் பாலும் கொடுத்தார்கள். முதல் ஒரு கிழமை தொடவில்லை, பிறகு கொஞ்சம் தின்றாள். முப்பத்தொரு நாள் இருக்கட்டும், ஒரு நாள் குறையக்கூடாது என்று தண்டையல் சுவரில் கரிக்கோடு போட்டார்.

ஆனால் சாவின் கணக்கு வேறு கணக்கு. அவள் செத்த முப்பத்தோராம் நாள் கனகசபாபதி ஐயரோடும் எள்ளு, தருப்பையோடும் வந்து இறங்கினார், எல்லோரும் கீரிமலைக்குப் புறப்படலாம் என்று. மருமகளைத் தண்ணீரில் கண்டு அவர் தலைப்பாகையைக் கழற்றினார். மனுசன் கெட்டவரில்லை. ஆனாலும் முறை முறைதான்.

"அந்தியேட்டி செய்யாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும், தண்டையலார்? நாள் இண்டைக்கு."

"பிள்ளைக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு."

"ஐயர் வந்து நிக்கிறார். கொத்துரித்துச் சொந்தக்காரர் எல்லாம் கீரிமலையிலை காத்துக்கொண்டு நிக்கினம்."

"நிக்கட்டும். நான் செய்யமாட்டன். அவளை அனுப்பமாட்டன், சம்பந்தி. போங்கோ."

ஒரு வருடத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை அவர் அன்றுதான் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. சொந்தக்காரர் பலர் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. துடக்குக் கழியாத வீடல்லவா?

முப்பத்தோராவது கரிக்கோட்டின் அன்று பத்மாசினி வலக்கையை வெளியே நீட்டினாள். சிவக்கொழுந்து அதைப் பிடித்தாள். காற்றுப் பட்ட இடம் நெருப்புப் பட்டதுபோலச் சிவந்தது. பிள்ளைக்கு மூச்சுத் திணறியது. முத்துக்குமாரு கையை மெல்ல உள்ளே விட்டார். வரும்போது கொடுக்க வேண்டிய முப்பத்தொரு நாள் அவருக்குத் தெரியும். போகும்போது கொடுக்காமல் விட்டதைப் பிறகு கொடுப்பதென்றால் எத்தனை நாள் என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்க ஒருவரும் இல்லை. சுவரைத் துடைத்துவிட்டு முதற் கோட்டைத் திரும்பப் போட்டார். தினமும் ஒரு சிரட்டை கடல்நீரை எடுத்து, ஒரு சிரட்டை கிணற்று நீரை விட்டார், அவள் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கத்துக்குப் பழகட்டும் என்று. அவள் வெளிறினால் அன்று உப்பு நீரையே விட்டார்.

வருடங்கள் போயின. 1938இல் தியாகலிங்கம் லீவில் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் நின்றான். துடுப்பில் காது வைத்தபோது, சாப்பிட்டியளோ என்று அவள் கேட்டாளாம். அவன் விம்மி அழுதான். மறுகலியாணத்துக்கு அவளே சம்மதம் சொன்னாள். உலகச் சண்டை வந்து மலாயாக் கடிதங்கள் நின்றபோது, பிள்ளைகளை அங்கே விட்டிருந்த தாய்மார் துடுப்பில் காது வைத்து, எங்கடை அவன் உயிரோடு இருக்கிறானோ என்று அவளைக் கேட்டார்கள். தெரியாது என்றுதான் எல்லோருக்கும் சொன்னாள். ஆனால் அவளிடம் கேட்டுவிட்டுப் போனால் மனம் ஆறுகிறது என்றார்கள். பலாலியில் விமானங்கள் இறங்கத் தொடங்கியபோது தண்ணீர் அதிர்ந்தது. பத்மாசினி நிறமிழந்து கல்லோடு ஒடுங்கினாள். முத்துக்குமாரு, உடைந்த கப்பலின் பாயைப் பரணிலிருந்து இறக்கி நாலு பக்கமும் கட்டித் தொங்கவிட்டார். அவருக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. பாயை முடிந்தபடி, கிள்ளானில் ரயில் அதிரும்போது இதைச் செய்ய ஒருவருமில்லையே என்று அவர் வாய்விட்டு அழுதார். விமானச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை.

1946இல் குடிசன மதிப்புக்கு ஒரு வாத்தியார் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றார் முத்துக்குமாரு. வாத்தியார் தண்ணீரைப் பார்த்து, தலையசைத்து, வயது கேட்டார். "பத்தொன்பது எண்டு போடுங்கோ" என்றாள் சிவக்கொழுந்து. துடுப்பில் காது வைத்தபடியே அவள் சொன்னது, மகள் செத்தபோது இருந்த வயது.

"பிள்ளை எப்ப வெளியிலை வருவா?" என்று வாத்தியார் கேட்டார்.

முத்துக்குமாரு அன்றைய சிரட்டையைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அவசரமில்லைத் தம்பி."

"உதை அண்டைக்குச் சம்பந்திக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள் சிவக்கொழுந்து.

"ஓம்" என்றார் அவர்.

வாத்தியார் மூன்று என்று எழுதி, மை காய ஊதினார். மத்தியானத்துக்கு முன் அவருக்கு இன்னும் ஏழு வீடு இருந்தது.